எலியின் மூட்டும் மனிதரின் முழங்காலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்தாகலாம் என்ற தங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் ஏறத்தாழ 52.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. வலியைத் தணிக்க மருந்துகள் உண்டென்றாலும், குருத்தெலும்பின் சிதைவைத் தடுப்பதாக அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. எனவே இவ்வாய்வுகளைப் பற்றி எழுதுவது தேவையான பணி.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. குறைந்த ஆக்ஸிஜனில் வாழும் அதன் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதும் நம்பாமலேயே ஆற்றலைப் பெறுகின்றன. ஆனாலும் வயதாகும்போதும் காயத்துக்குப் பின்னும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மிகுதியாகக் கசியும் ஆக்ஸிஜன் தனியுறுப்புகள் (ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அடக்க முயலும், எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள்), குருத்தெலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனை அரிக்கும் எம்எம்பி-13 போன்ற நொதிகளின் உற்பத்தியைத் தூண்டுகின்றன. வைட்டமின் ஈ போன்ற பழைய ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் உடலெங்கும் பரவுவனவே தவிர, மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிச் செல்வன அல்ல. முழங்கால் நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் ஈ கொடுத்த ஆய்வில் குருத்தெலும்பு இழப்பு குறையவில்லை. மைக்கேல் மர்ஃபி, ராபின் ஸ்மித் ஆகியோர் நியூசிலாந்தில் உருவாக்கிய மைட்டோக்யூ என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் இந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. ஆகவே நேர்மின்னேற்றமுள்ள ஒரு பகுதியைச் சுமந்துவரும் இம்மூலக்கூறு, மின்னழுத்த வேறுபாட்டின் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் சுமார் பத்து மடங்கு என்ற கணக்கில், உள்ளே பல நூறு மடங்கு செறிகிறது. மிக அழகான யோசனை இது என்பதே என் கருத்து.

ஆனால் கட்டுரை அழுத்திச் சொல்லத் தவறியது ஒன்றுண்டு. மூட்டு நோயில் இதுவரை பேசப்படும் நற்பலன்கள் பெரும்பாலும் செல் வளர்ப்பிலும் எலிகளிலும் கண்டவை. முழங்காலின் மெனிஸ்கஸ் சவ்வை அறுவைசிகிச்சையால் நிலைகுலைத்த எலியின் மூட்டில் சில வாரங்களிலேயே உருவாகும் தேய்மானம், மனிதரிடம் பல ஆண்டுகள் மெல்ல வளர்வது. இதே மைட்டோக்யூ, பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஓராண்டு நடந்து 2010இல் வெளியான சோதனையில் நோயின் போக்கை மட்டுப்படுத்தவில்லை. மேலும், அளவான ஆக்ஸிஜன் தனியுறுப்புகள் செல்லின் இயல்பான சமிக்ஞைகளுக்கும் தேவை. அவற்றை எவ்வளவு அடக்கலாம் என்பதும், இரத்த ஓட்டமற்ற குருத்தெலும்புக்குள் வாய்வழி மருந்து எவ்வளவு சென்றுசேரும் என்பதும் மனிதரிடம் அளந்தறிய வேண்டியவை.

மைட்டோக்யூ ஊட்டச்சத்து மாத்திரையாக ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால் இதை வலியுறுத்துகிறேன். வலியால் தவிப்பவர் தங்கள் கட்டுரையைப் படித்ததும் அதை வாங்கி, மருத்துவர் சொன்ன தசைப் பயிற்சியையும் எடைக்குறைப்பையும் கைவிடக்கூடும். அவ்விரண்டுமோ மனிதரிடம் பலன் தருவதாக நிறுவப்பட்டவை. இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, சோதனை செல்லில் நடந்ததா, விலங்கிலா, மனிதரிடமா என்பதைத் தலைப்பை ஒட்டியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்