டொமைன் அட்மின் பாஸ்வேர்டு எல்லார் கையிலும் வேண்டாம்: செட்டிநாட்டுக் கல்வி நிறுவனத் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, செயலர்களே,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பள்ளி, கல்லூரிகளின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உங்களிடம் ஒன்று கேட்கவே எழுதுகிறேன். நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்கையும் (டொமைனை) ஆளும் டொமைன் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் வழக்கத்தை இந்தக் கோடை விடுமுறையோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரு நிறுவனத்தில் அந்தப் பாஸ்வேர்டு, லேப் உதவியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச் சீட்டில் கிடந்தது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாஸ்வேர்டை மறந்த மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதை மாற்றிக்கொடுக்க அவருக்கு வேறு வழி எதையும் நாம் வைக்கவில்லை. ஆனால் அதே சீட்டை வைத்துத் தேர்வுப் பிரிவுக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம், பயனர் கணக்குகளை மொத்தமாக அழிக்கலாம். அவர் செய்யமாட்டார், சரி. சீட்டைப் பார்த்த அடுத்தவர்?

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். அந்தப் புள்ளிக்கு, அதாவது மணமான அந்தத் தம்பதிக்கு, தனி அறை, தனிச் சாவி, தனி அடுப்பு. முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. பயனர் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியிலும் இதற்கு வழி இருக்கிறது, அதுவும் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே. ஒவ்வொரு பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஓர் ஓயூ (கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் பிரித்து வைக்கும் உட்பிரிவு) போட்டு, மாணவர் கணக்குகள் உள்ள ஓயூவில் 'டெலிகேட் கண்ட்ரோல்' என்ற வசதி மூலம் பாஸ்வேர்டு மாற்றும் உரிமையை மட்டும் லேப் ஆட்களுக்குக் கொடுக்கலாம். வேறு எதிலும் அவர்கள் கை படாது.

அடுத்தது பாலிசி. டொமைனில் போடும் குரூப் பாலிசி (கம்ப்யூட்டர்களுக்கும் பயனர்களுக்கும் மொத்தமாகப் போடும் விதிகள்) கீழேயுள்ள ஓயூக்களுக்குத் தானாக இறங்கும். பாலிசிகள் பொருந்தும் வரிசை இது: முதலில் சைட் (ஓர் இடத்தின் நெட்வொர்க்), பிறகு டொமைன், கடைசியில் ஓயூ. இரண்டு இடத்தில் முரணாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு மிக அருகில் உள்ள ஓயூ சொல்வதே செல்லும். இது தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் தேர்வுப் பிரிவில் பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. யாரோ அந்த ஓயூவில் 'பிளாக் இன்ஹெரிட்டன்ஸ்' (மேலிருந்து இறங்கும் பாலிசிகளைத் தடுக்கும் கட்டளை) போட்டுவிட்டார்கள். பென்டிரைவ் ஓடியது. கூடவே ஃபயர்வால், அப்டேட், ஸ்கிரீன் லாக் என்று மேலிருந்து வந்த பாலிசிகள் அத்தனையும் அங்கே நின்றுபோயின. அந்தக் கட்டளைக்கு ஒன்றை மட்டும் பிரித்துத் தடுக்கத் தெரியாது. பென்டிரைவை அனுமதிக்கும் ஒரே ஒரு பாலிசியை அந்த ஓயூவில் இணைத்திருந்தால் போதும்.

எந்தப் பிரிவும் மாற்றவே கூடாத பாலிசிகளுக்கு 'என்ஃபோர்ஸ்டு' போடச் சொல்லுங்கள். கீழே யார் தடுத்தாலும் அது இறங்கும். ஆனால் கண்டதற்கெல்லாம் போட்டால், எது எங்கிருந்து வருகிறது என்று பின்னால் யாருக்கும் புரியாது. டொமைன் கணக்குகளின் பாஸ்வேர்டு நீளத்தையும் ஓயூவில் பாலிசி போட்டு மாற்ற முடியாது. அலுவலகத்தாருக்கு மட்டும் கடுமையாக வேண்டுமென்றால், சர்வர் 2008 முதல் குழுவுக்கெனத் தனிப் பாஸ்வேர்டு பாலிசி வைக்கலாம்.

பள்ளி திறப்பதற்குள் உங்கள் சர்வர் பார்ப்பவரைக் கூப்பிட்டு 'டொமைன் அட்மின்ஸ்' குழுவில் இருப்பவர்களின் பட்டியலைக் கேளுங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் இருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பொதுப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், உரிமையை ஆளின் பெயருக்குக் கொடுக்காமல் ஒரு குழுவுக்கே கொடுக்கட்டும். முன்பு சொன்ன 'டெலிகேட் கண்ட்ரோல்' விசார்டில் உரிமையைக் கொடுக்கத்தான் முடியும், திரும்பப் பெற வழியில்லை. 'செக்யூரிட்டி' பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகத் தேடி நீக்க வேண்டும். குழுவாக இருந்தால், ஒருவர் மாறும்போது அவர் பெயரை மட்டும் எடுத்தால் முடிந்தது.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு நெட்வொர்க் பணியாளர்