கத்திரி முடிந்த பிறகும் கோடை இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தினமும் எத்தனை டிகிரி என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், சரி, அது வேண்டியதுதான். ஆனால் மே 28 வாக்கில் கத்திரி கழிந்ததும் கோடையையே மறந்துவிடுகிறீர்களே! அதிலிருந்து ஆடி பிறக்க ஏறக்குறைய 50 நாள் இருக்கிறது. எங்கள் உடுமலைப் பக்கம் வருசத்திலேயே வெளியில், வீட்டுத் தோட்டத்தில் உட்கார ஏற்ற நாட்கள் அவைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, இறங்கிவிடும், அதுவரை சும்மா நின்ற காற்றாலைகள் எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும், மழை என்று பெரிதாக இருக்காது, எப்போதாவது ஒரு சாரல்.

தோட்டம் என்றதும் கிணறும் தென்னையும் இருக்கிற தோட்டத்தை நினைத்துவிடாதீர்கள், நான் சொல்வது எங்கள் வீட்டுக்குப் பின்னால், பொறக்கடையில் இருக்கிற ஆறேழு செடிகளையும் ஒரு வேப்ப மரத்தையும். ஆனி மாசம் அந்த மரத்தடி முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பழம் விழுந்து கிடக்கும், மைனாக்கள் சத்தம் தாங்காது. விதைக்கு என்று விட்ட பீர்க்கங்காய் ஒன்று கொடியிலேயே காய்ந்து தொங்குகிறது. நேற்று சாயந்திரம் அதைப் பறித்துக் காதோரம் வைத்து ஆட்டினேன், உள்ளே கலகலவென்று சத்தம். அடியில் மூடி மாதிரி இருப்பதைத் தட்டிவிட்டால் கறுப்பு விதைகள் தானாகக் கொட்டும். அம்மா அதைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் கட்டி வைப்பார், நானும் அப்படியே செய்கிறேன்.

அப்பாரு, அதாவது தாத்தா, இருந்த காலத்தில் இந்த நாட்களில்தான் ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பேசுவார்கள். கடன் எவ்வளவு நிற்கிறது, யாருக்கு எப்போது கல்யாணம், ஆடிப்பட்டத்துக்கு எந்தக் காட்டில் என்ன போடுவது, போன வருசம் எங்கே தப்புப் பண்ணினோம் என்பது வரைக்கும். வேலை குறைந்து, அடுத்த வேலை தொடங்காத நேரம் என்பதால் மனசும் நிதானமாக இருந்திருக்கிறது. இப்போது எனக்கு அது புரிகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மல்லிகை மொட்டு அவிழ்கிற நேரத்தில் அரை மணி நேரம் பொறக்கடையில் உட்கார்ந்தால், பகல் முழுக்க யோசித்தும் பிடிபடாத விஷயம்கூட ஒரு வழிக்கு வந்துவிடுகிறது.

எங்கள் வீதியில் பாதி வீடுகளில் இன்று வாசலும் பொறக்கடையும் சிமெண்டாகிவிட்டது, ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட தரை சுடுகிறது. பிறகு வெளியில் யார் உட்காருவார்கள்? ஒரு பாத்தி அளவாவது மண்ணை விட்டுவையுங்கள் என்று வீடு கட்டுகிறவர்களிடம் நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதினால் நாலு பேர் கேட்பார்கள். ஆனி மாசத்தில் வாரம் ஒரு நாளாவது, வாசகர்கள் தங்கள் வீட்டுச் செடிகளைப் பற்றி எழுத அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

எங்கள் வீட்டுப் பீர்க்கு விதை ஒரு கைப்பிடி தேறும். ஆடி முதல் வாரம் ஊன்றுவதற்குள் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடுமலைப்பேட்டை