கிராம சபையும் பாடம்தானே?

ஆசிரியருக்கு,

என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறாள். சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் தொகுதியில நிக்கப் போறா?" சரி, அதை விடுங்கள். மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வழிசெய்யும் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவை வகுப்பில் நோட்ஸ் கொடுத்தே முடித்துவிட்டார்கள். 1976-லும் 1991-லும் நம் மாநில ஆட்சியே அதனால்தான் கலைந்தது, 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது என்பதெல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பஞ்சாயத்து ராஜும் அப்படியே. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்த 73-ஆவது திருத்தம் என்று மனப்பாடம். அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்க் கிராம சபைக்கு அழைத்துப் போனேன். குடிநீர்க் குழாய் பற்றி ஒரு பாட்டி எழுந்து கேட்க, மேடையில் எல்லாரும் முழித்தார்கள். மகள் அன்று இரவு முழுக்க அதையே பேசினாள். கல்லூரிகள் மாணவர்களைக் கிராம சபைக்கு அனுப்பி, அதற்கு அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண் தரலாமே?

ஒரு தந்தை,
தஞ்சாவூர் மாவட்டம்