உட்கார்ந்து குளிப்பவர் கைக்கு எட்டட்டும்: கடலூர் பிளம்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் பிளம்பர் அண்ணன்மார்களுக்கும் வீடு கட்டித் தரும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

சண்டைக்கு வரவில்லை. உங்களில் ஒருவர்தான் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு பாத்ரூம் வேலையைச் செய்தார். சுத்தமான வேலை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஹேண்ட் ஷவர் மாட்டும் கொக்கியை ஆறரை அடி உயரத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டால், "எல்லா வீட்லயும் இதான் சார் அளவு" என்றார்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் மடங்காது. ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். பக்கெட்டில் மொண்டு ஊற்றுவது அவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று ஒருநாள் முதுகு தேய்த்துவிடப் போனபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு மக்குக்கும் ஒருதரம் குனிய வேண்டும், தோளைத் தூக்க வேண்டும். சோப்புக் கையால் ஸ்டூல் விளிம்பைப் பிடிக்க, அது வழுக்க, மக் ஒரு பக்கம் ஓடும். அதனால்தான் ஹேண்ட் ஷவர் வாங்கினோம். ஒரு கையில் ஷவர், ஒரு கையில் பிடிமானம், குனியவே வேண்டாம். ஆனால் அதை எடுக்கத் தினமும் எழுந்து நின்று கையை உயர்த்த வேண்டியிருந்தால் என்ன பிரயோஜனம்?

உங்களுக்கே தெரியும், பழைய டெலிபோன் ஷவரில் கொக்கி மிக்ஸர் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) மேலேயே இருக்கும், இடுப்பு உயரத்தில். அந்தக் காலத்து அளவுதான் உட்கார்ந்து குளிப்பவருக்குச் சரி. மேலே ஒரு கொக்கி இருந்துவிட்டுப் போகட்டும், மூன்று அடியில் இன்னொன்று அடித்துவிடுங்கள். ஹோஸ் ஒன்றரை மீட்டர் போதும். ஒரு மீட்டர் முதுகுக்கு எட்டாது, இரண்டு மீட்டர் தரையில் சுருண்டு காலைத் தடுக்கும். "வெஸ்டர்ன் பக்கத்துல இருக்கிற ஹெல்த் ஃபாசெட்டையே யூஸ் பண்ணிக்கலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். அதில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் வரும், ஊசி மாதிரி குத்தும். மற்றதை நான் சொல்லவில்லை.

"மாடி இல்லாத வீட்ல பிரஷர் வராது சார்" என்பீர்கள். இங்கேதான் கணக்கு நம் பக்கம் இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் பாத்ரூம் தரையிலிருந்து 15 அடி என்று வையுங்கள். ஏழு அடியில் ஷவர் வைத்தால் அழுத்தம் தருவது எட்டு அடித் தண்ணீர். அதையே மூன்று அடியில் பிடித்தால் பன்னிரண்டு அடி. பம்பு வேண்டாம், ஒன்றரை மடங்கு அழுத்தம் சும்மா கிடைக்கிறது. அகலமாகப் பூப்போல விழுகிற பெரிய ஷவர் தலையை மட்டும் வாங்கச் சொல்லாதீர்கள், நம் தொட்டி அழுத்தத்துக்கு அது அழும். சின்னத் தலை போதும். துளைகளில் ரப்பர் முனை இருக்கட்டும். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவு அடைத்துக்கொண்டால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

கைப்பிடியில் நிறுத்தும் பட்டன் உள்ளது நல்லது, சோப்பு போடும்போது உதவும். ஆனால் குளித்து முடித்ததும் சுவரில் உள்ள குழாயையும் மூடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மூடாவிட்டால் ஹோஸ் எந்நேரமும் விறைத்தபடியே இருந்து சீக்கிரம் விட்டுப்போகும்.

அப்புறம் அந்தப் பளபளக்கும் ஷவர் கம்பி. வழுக்கினால் யாருக்கும் கை அதற்குத்தான் போகும். அது ஷவரை ஏற்றி இறக்க மட்டுமே, ஆள் எடை தாங்காது. பிடிமானக் கம்பியைத் தனியாக, டைல்ஸைத் தாண்டிச் செங்கலுக்குள் போகிற மாதிரி நீள ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கைப்பிடியை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் தயவுசெய்து மாட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். வெந்நீரைப் பொறுத்தவரை, கீசர் தெர்மாஸ்டாட்டைக் குறைத்து வைத்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. வயதானவர் தோல் சீக்கிரம் வெந்துவிடும்.

அடுத்த வாரம் முத்தியால்பேட்டையில் தங்கை வீட்டில் டைல்ஸ் வேலை. பூச்சுச் சுவரில் மூன்று அடியில் பென்சிலால் கோடு போட்டு, "அம்மா கை எட்டும் இடம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வருகிற மேஸ்திரி அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒருதரம் படித்துவிடட்டும்.