குடத்தைக் கையில் எடு

சென்னை,
மார்ச் 12

அன்பு மகள் பவித்ராவுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். படித்ததெல்லாம் எழுத்தில் தெரிகிறது. தலைப்புதான் இடிக்கிறது. ‘சென்னையில் சமூகப் பங்கேற்பும் நகர நிலைத்தன்மையும்’ என்பது ஒரு துறையின் பெயர், முதுகலை ஆய்வேட்டின் பெயர் இல்லை. கையில் இருப்பது எட்டு வாரம். அதற்குள் ஒரு பகுதியைப் பார்க்கலாம், ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடலாம். அவ்வளவுதான்.

எந்தக் கேள்வி? உன் திட்டத்தின் 7-ஆம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: ஆற்றங்கரைகளை மீட்டது சூழலுக்கு நல்லது, மறுகுடியமர்வு அதற்கான விலை. அந்த ‘விலை’யைத்தான் நீ அளக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது காரணம். போன இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தெற்கு ஓரம், நாலாபக்கத்து ஏரிகளின் உபரிநீரும் வந்து சேருகிற பள்ளம். அதே சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆறும் சதுப்பும் நிலைத்தன்மைக் கணக்கில் வருகின்றன. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போன வீட்டுவேலைக்காரப் பெண்ணின் விடிகாலை அந்தக் கணக்கில் வருவதில்லை. உன் துறையின் இரண்டு பாதிகளும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். ஆற்றங்கரையில் இன்னும் எஞ்சியிருக்கும் ஒரு குடியிருப்பு, பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக், இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்.

எண்களில் முதலில் கால் இடறும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மக்கள்தொகை 46.46 லட்சம் என்று போட்டிருக்கிறாய். அது 2011 பிப்ரவரி, மார்ச்சில் எடுத்த கணக்கு, அன்றைய 174 சதுர கிலோமீட்டருக்கானது. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, 155 வார்டு 200 ஆனது. நீயோ 46 லட்சத்தை 426-ஆல் வகுத்து அடர்த்தி கண்டிருக்கிறாய். தேர்வாளர் கவனிக்காமல் விடலாம், ஊர்க்காரர் விடமாட்டார். பெரும்பாக்கம் இந்த விரிந்த எல்லைக்குள்ளும் வரவில்லை, கிராம ஊராட்சியாகவே இருந்தது. மாநகரத்து ஏழைகளை எட்டு மாடிக் கட்டடங்களில் ஏற்றி, அவர்களை ஒரு கிராம ஊராட்சியின் கையில் கொடுத்த கதை அது. ‘பங்கேற்பு’ என்று எழுதும்போது யார் எந்தச் சபையில் பங்கேற்கலாம் என்பதை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு பட்டியலையும் கவனி. 1971-ல் வந்த குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தவை அந்த ஆண்டில் 1,202, பிறகு 1985-ல் 17. அறிவிக்கப்பட்ட பகுதியில் கை வைக்கச் சட்டப்படி சில படிகளைத் தாண்ட வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீ எடுக்கும் குடியிருப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் உள்ளே போகாதே. குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. ஆனால் தெருவில் நீ கேட்கப்போவது ‘ஹவுசிங் போர்டு’, ‘ஸ்லம் போர்டு’ என்ற பெயர்களைத்தான். கேள்வித்தாளிலும் அந்தப் பெயர்களையே எழுது.

இனி மாதிரிக்கு, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு, வருவோம். 50 பேர் என்கிறாய், எப்படி வந்த 50 என்று சொல்லவில்லை. குடியிருப்பில் 600 குடும்பம் என்று வை. 95 சதவீத நம்பிக்கை, கூடவோ குறையவோ 5 சதவீதப் பிழை என்றால் சுமார் 234 குடும்பம் வேண்டும். தனி ஆளாக ஒரு நாளைக்கு ஆறு வீட்டுக்கு மேல் ஒழுங்காகக் கேட்க முடியாது. முப்பத்தொன்பது நாள் அதிலேயே போய்விடும். பிழையை 7 சதவீதத்துக்குத் தளர்த்து, 148 போதும். நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்று போனால் 150, இருபத்தைந்து நாளில் முடியும். முதல் வீட்டைச் சீட்டுக் குலுக்கி எடு, உனக்கு வசதியான வீட்டில் தொடங்காதே.

நாலாவது வீடு பூட்டியிருந்தால்? பக்கத்து வீட்டில் திறந்த கதவு இருக்கும், கை அங்கேதான் போகும். போகக் கூடாது. பகல் பதினோரு மணிக்குத் திறந்திருக்கும் வீடு வேலைக்குப் போகாதவர்கள் வீடு. தூய்மைப் பணியாளர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் மதியம் தாண்டித்தான் வருவார்கள். மூன்று தடவை, மூன்று வேறு வேளையில் போ, அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்றே பதிவு செய். எத்தனை வீடு கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்.

வீடு வேறு, குடும்பம் வேறு. ஒரே வாசலுக்குள் இரண்டு அடுப்பு எரியும். மாமியார் ஒரு பக்கம், கல்யாணமான மகன் தடுப்புக்கு அந்தப் பக்கம், மாடி ஷீட் அறையில் வாடகைக்கு ஒருவர். மறுகுடியமர்வுக் கணக்கில் வழக்கமாக விட்டுப்போவது இந்த மகனும் இந்த வாடகைக்காரரும்தான். அதனால் கதவை எண்ணாதே, அடுப்பை எண்ணு.

தண்ணீர்ப் பகுதியில் ‘போதிய அளவு கிடைக்கிறதா’ என்று கேள்வி வைத்திருக்கிறாய். எல்லாரும் இல்லை என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குடத்தைக் கையில் எடு. முதலில் ஒரு லிட்டர் பாட்டிலால் அந்தக் குடத்தை அளந்துகொள். பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டு லிட்டரும் இருக்கும், பதினெட்டும் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, நிற்கப்போகும்போது ஒரு தடவை, குடம் நிறைய எத்தனை நொடி என்று போனில் பார். பதினைந்து லிட்டர் குடம் 50 நொடியில் நிறைகிறது, இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று வை. தாளில் கணக்குப் போட்டால் 144 குடம். ஆனால் நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்ததை வைக்கப் பத்து நொடி ஆகும். ஆக 120 குடம்தான். நாற்பது குடும்பத்துக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு மூன்று குடம், வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் தலைக்கு 10 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அரசின் சொந்த வரையறை தலைக்கு 135 லிட்டர். இப்போது உன் கையில் ஒரு வாதம் இருக்கிறது. வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனது யார், திரும்பி வரும்போது அந்தக் குடம் எங்கே இருந்தது என்பதையும் குறித்துக்கொள். மூன்று என்பது சராசரிதான், குழாய்க்கு எதிர்வீட்டில் ஆறு குடம் இருக்கும்.

பெரும்பாக்கத்தில் இதே அளவை மாடி மாடியாக எடு. மோட்டார் நின்றாலும் லிஃப்ட் நின்றாலும் ஏழாவது மாடிக்குத் தண்ணீர் தோளில்தான் ஏறும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு சிக்கல். நீ வரப்போவது ஜூனில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான். வெள்ளத்தை நீ பார்க்க முடியாது, சுவரில்தான் படிக்க வேண்டும். ‘இடுப்பளவு வந்தது’ என்பார்கள். யார் இடுப்பு? சுவரில் கை வைத்துக் காட்டச் சொல், மூன்று வீட்டிலாவது கேள். 2015 கோடு வேறு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் விட்ட கோடு வேறு, இரண்டும் கலந்து வரும். பிறகு கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை எடு. உள்ளே தெரிகிற பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீர், இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும், குழாயைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளக்கத் தொடங்கு. எல்லாக் கோடுகளையும் அசையாத ஒரு புள்ளிக்கு, கோயில் படியோ பாலத்தின் கைப்பிடிச் சுவரோ, ஒப்பிட்டு எழுது. சாலைக்கு ஒப்பிடாதே. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, எட்டு வருஷத்தில் சாலை ஏறியிருக்கும், வீடு தாழ்ந்திருக்கும். மழை குறைந்தும் வெள்ளம் கூடியதற்குப் பல தெருக்களில் இந்தத் தாரும் ஒரு காரணம்.

அதே குழாயால் சாக்கடைச் சரிவையும் பார்த்துவிடு. நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம், ஆறு அங்குலத்துக்கு 60 அடிக்கு ஒரு அடி என்பது பழைய கைக்கணக்கு. தட்டையான சென்னையில் முப்பது மீட்டர்த் தெரு முடிவதற்குள் நாலு அங்குலக் குழாய் முக்கால் மீட்டர் இறங்கிவிடும், வெளியே உள்ள பெரிய குழாய் அதைவிட மேலே இருக்கும். ‘மக்கள் சாக்கடையில் குப்பை போடுகிறார்கள்’ என்று எழுதுமுன் இதை அளந்து பார்.

மக்களே தங்கள் சந்துக்குச் சாக்கடை போட்டுக்கொண்ட ஓராங்கித் திட்டத்தை மேற்கோள் காட்டியிருக்கிறாய், நல்லது. 1980-ல் கராச்சியில் அக்தர் ஹமீத் கான் தொடங்கியது. இருபது முப்பது வீடு கொண்ட சந்துதான் அங்கே அலகு. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் செலவு, பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. பாதி வரைக்கும்தான் நீ சொல்லியிருக்கிறாய். சந்துகள் சுத்தமாயின, கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளுக்குப் போனது. மக்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள், அரசின் பங்கு பின்தங்கியது. இதையும் சேர்த்து எழுதாமல் அதைப் பங்கேற்பின் வெற்றி என்று காட்டினால், செலவை ஏழையின் தலையில் கட்ட அது இன்னொரு சாக்காகப் போகும்.

வருமானத்தை நேராகக் கேட்காதே. கேட்டால் ரேஷன் கார்டு நினைவுக்கு வந்துவிடும், எண் சுருங்கும். போன வாரச் செலவைக் கேள்: கேஸ், அரிசி, வாடகை, ஷேர் ஆட்டோ, கடன். தண்டலை மறக்காதே. பத்தாயிரம் என்று எழுதிக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பார்கள், நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வசூல். இடம் மாறியவர்களிடம் இந்தக் கடன் எப்போது தொடங்கியது என்று மட்டும் கேட்டுப் பார். போக்குவரத்தைப் பணத்தால் அளக்காதே. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. செலவு பூஜ்ஜியம் என்று வரும். நேரத்தால் அள, வாசல்படியிலிருந்து வேலைவாசல்படி வரை, பஸ்ஸுக்கு நின்ற நிமிஷத்தையும் சேர்த்து.

பவிம்மா, எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பேனாவும் பேப்பருமாக ஒரு புதுப் பெண் ஆற்றங்கரைக்குள் நுழைந்தால், ‘கணக்கெடுக்க வந்துட்டாங்க, காலி பண்ணப் போறாங்க’ என்ற பேச்சு அரை மணியில் கடைசி வீட்டை எட்டும். அது பொய்ப் பயமில்லை, கணக்கெடுப்புக்குப் பின்தான் இடிப்பு வந்திருக்கிறது. கதவில் எண் எழுதாதே. ஆதார் எண் கேட்காதே, யாராவது நீட்டினாலும் வாங்காதே. வீட்டைப் படம் எடுத்தால் போன் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்துக்குள் வைத்துக்கொள்ளும், அதை அணைத்துவிடு. முதல் வாரம் தாளே வேண்டாம். பகுதித் தலைவரிடமும் மகளிர் சுயஉதவிக் குழுவிலும் போய்ப் பேசு. தலைவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போகும் வீடுகள் அவர் வீடுகள், அது தெரிந்திருக்கட்டும். கடைசி வாரத்தில் நீ கண்டதை ஒரே தாளில், தமிழில், குழாயடியில் வாசித்துக் காட்டு. தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். உன் பல்கலைக்கழகக் குழுவைவிடக் கறாரான தேர்வாளர்கள் அவர்கள்.

தகவல் உரிமை மனுக்களை ஜூனில் வந்து போடலாம் என்று எழுதியிருக்கிறாய். பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள், பதில் சரியில்லையென்றால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள், தாமதமானால் 45. நீ திரும்பி விமானம் ஏறியபின் பதில் வரும். ‘ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று கேட்டால், விளக்கம் தகவலாகாது என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தத் தெருவுக்கான நீர் வழங்கல் பதிவேட்டின் நகல்’ என்று கேள். குடிநீர் வாரியத்துக்கு ஒன்று, வாழ்விட வாரியத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, தனித்தனியாக. மூன்றையும் இந்த வாரமே எழுதி அனுப்பு. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா