பழங்கால முகாம்களில் போத்தல் விளக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய், கிடுகுக் கொட்டில் போட்டு, மின்சாரமும் கைபேசியும் இல்லாமல் பழைய மன்னன் குளக்கோட்டன் காலத்து வாழ்க்கையைக் காட்டும் முகாம் ஒன்று குச்சவெளிப் பக்கம் நடந்தது. நல்ல முயற்சி. என் பேத்தி அங்கே அம்மியில் அரைக்கவும் ஓலை பின்னவும் பழகிக்கொண்டு வந்தாள். ஆனால் வீட்டுக்காரரைப் பார்க்க விட்ட அன்று மாலை நான் அங்கே கண்ட விளக்குகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு கொட்டிலின் நடுக்கம்பிலும் ஒரு சோடாப் போத்தல் கம்பியில் தொங்கியது. மூடியில் துளை, துளையில் சீலைத்திரி, உள்ளே மண்ணெண்ணெய். சுடருக்கும் கூரைக் கிடுகுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. கீழே பாயில் பொலியெஸ்டர் பாவாடை தாவணியோடு பிள்ளைகள். இருந்ததோ ஒரே வாசல், அதையும் சாக்குத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். பொறுப்பாக நின்ற தம்பியிடம் கேட்டேன். "டோர்ச் லைற் வைத்தால் அந்தக் காலத்துத் தோற்றம் போயிடும் அம்மா" என்றார்.

நான் ஓய்வுபெற்ற தாதி. போத்தல் விளக்குச் சரிந்து எரிந்த பிள்ளைகளுக்கு மருந்து கட்டியவள். பொலியெஸ்டர் எரியும்போதே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும்போது பிள்ளை படும் பாட்டை விடுதியில் நின்ற எவரும் மறக்கமாட்டார்கள்.

தோற்றம் என்ற நியாயமும் எடுபடாது. மண்ணெண்ணெய் விளக்கு இந்த நாட்டில் பரவியதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் எங்கள் ஆட்கள் தேங்காய் எண்ணெயும் இலுப்பெண்ணெயும் ஊற்றினார்கள். அவை கொட்டுப்பட்டாலும் மண்ணெண்ணெய் போல இலேசில் பற்றாது. அகலை மண்சுவர் மாடத்துக்குள் வைத்தார்கள், அடுக்களையை வீட்டை விட்டுத் தள்ளிப் போட்டார்கள். பழைய வாழ்க்கையைக் காட்டுகிறவர்கள் அந்தக் கவனத்தையும் சேர்த்தல்லவா காட்டவேண்டும்!

போத்தல் விளக்கின் ஆபத்து எங்கள் நாட்டுக்குப் புதிதும் அல்ல. எரிகாயங்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்துக் குள்ளமான, பாரமான ஒரு விளக்கைச் செய்தார். இரண்டு பக்கம் தட்டை என்பதால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி எண்ணெயைச் சிந்தவிடாது. அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். அந்த விளக்கைக்கூட நான் கிடுகுக்குக் கீழே வைக்கச் சொல்லமாட்டேன்.

வெயில் காலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது கிடுகு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று திருகோணமலையாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கூரை பற்றினால் அடுத்த கூரைக்குப் பொறி போக எவ்வளவு நேரம் எடுக்கும்? 2004 ஜூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டுக் கும்பகோணத்தில் ஒரு பாடசாலையின் சமையலறை நெருப்பு ஓலைக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. குச்சவெளியோ நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது சாம்பல்தான் மிஞ்சும்.

ஆகவே, படுக்கும் கொட்டிலுக்குள் சுடர் எதுவும் வேண்டாம். மண்பானையில் சின்னச் சின்னத் துளை போட்டு உள்ளே மஞ்சள் ஒளி தரும் பற்றரி விளக்கை வைத்தால் வெளிச்சம் அகல்போலவே விழும், பானைக்குள் இருப்பதும் வெளியே தெரியாது. கொட்டில்களை நெருக்கி அடிக்கக் கூடாது. அடுப்பு குழியில், காற்று கொட்டில் பக்கம் வீசாத இடத்தில், பக்கத்தில் தண்ணீர் வாளியும் மணலும் இருக்கவேண்டும். குளிருகிறது, நுளம்பு என்று தணலை உள்ளே கொண்டுபோய் வைத்துப் படுத்தால் கார்பன் மொனொக்சைட் வாயு நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். தீப்பந்தம் பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். சுற்றிய சீலையிலிருந்து எரியும் எண்ணெய் முழங்கைக்கு வழியும் என்பது பிடித்தவர்களுக்குத் தெரியும். இரவு முழுக்க ஒருவர் முறைவைத்து விழித்திருக்கவேண்டும்.

சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு ஒன்றும் பூசவேண்டாம். ஒட்டிய துணியை இழுக்கவேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பிரதேச சபையும் வலயக் கல்வி அலுவலகமும் இப்படியான முகாமுக்கு அனுமதி கொடுக்க முன் ஒருவரை அனுப்பி, விளக்கையும் அடுப்பையும் வாசலையும் பார்க்கச் செய்யவேண்டும். ஆகஸ்ட் விடுமுறை முகாமுக்கு இப்போதே பெயர் பதிகிறார்கள். நடத்துபவர்கள் விரும்பினால், எரிகாய முதலுதவியை முகாம் தொடங்க முதல்நாள் வந்து சொல்லித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.