ஓவியத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்கள் பற்றிய கட்டுரையில் கோபுரம், வளைவு எல்லாம் சரி, உள்ளே இருந்த ஓவியங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! சஃபோக் பகுதியிலுள்ள வென்ஹாஸ்டன் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். 1500 வாக்கில் மரப்பலகைகளில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தை, அதாவது உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லும் காட்சியை, ஆலயங்களில் படங்கள் கூடாது என்று சொன்ன பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது வெறும் பலகைதானே என்று கழற்றி வெளியே போட்டார்கள், அப்புறம் பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து உருவங்கள் தெரிய ஆரம்பித்தன. அதில் தேவதூதர் மிக்கேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். பேதுருவின் முன் ராஜாவும் பிஷப்பும் உடம்பில் துணியில்லாமல், தலையில் மட்டும் கிரீடத்தோடும் தொப்பியோடும் நிற்கிறார்கள். நடுவே சிலுவையும் சிலைகளும் பொருத்தியிருந்த இடங்கள் வண்ணமில்லாமல் அப்படியே அச்சாக நிற்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்தப் படத்தை வண்ணத்தில் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர்